வேற என்றொரு கட்டம்

அந்த லாரி கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற அவனுக்குப் பெயர் திருத்தம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்ததுதான். அது சம்பளச் சீட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை. எதைக் கையில் கொடுத்தாலும் அப்படியே வைத்துக்கொள்ள அவனுக்கு மனசு வராது. நாற்காலியைக் கொடுத்தால் முதுகை நிமிர்த்துவான். ஆடாத மேசைக்கும் அட்டை செருகுவான். கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம், ஆள் சாப்பாட்டை மறந்துவிடுவான்.

கம்பெனிக் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடின. விலை கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே பிரித்து மாற்றவும் செய்யலாம். மாற்றத் தெரியாதவர்களுக்காக எல்லாவற்றையும் தயாராக அடுக்கி வைத்த டெஸ்க்டாப்போடும் அது வரும்: கீழே ஒரு பட்டை, ஓரத்தில் குட்டிக் குட்டிப் படங்கள், பின்னால் ஒரு நீல மலை. தெரிந்தவர்கள் வெறும் கருப்புத் திரையில் தொடங்கி, தங்களுக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்ளலாம். திருத்தம் இந்த இரண்டாவது ரகம். ரெடிமேடைப் பார்த்தாலே அவன் முகம் சுண்டிப்போகும்.

"ஓட்டல் ரூம் பாத்திருக்கீங்கல்ல?" என்பான். "கட்டில் இருக்கும், சோப்பு இருக்கும், சுவத்துல ஒரு மலைப்படம் இருக்கும். எல்லாம் இருக்கும். உங்களோடதுன்னு ஒண்ணும் இருக்காது. அதுதான் ரெடிமேட் டெஸ்க்டாப்."

"எனக்கு அந்த மலையே போதும்ப்பா. பாக்க நல்லாத்தான் இருக்கு," என்றார் பில் போடும் அம்மா.

மறுநாள் அவர் வந்து பார்த்தால் மலையைக் காணோம், கீழே இருந்த பட்டையையும் காணோம். அவர் தினமும் தொடுகிற மூன்று வேலைகள் மட்டும் மூன்று பெரிய கட்டங்களாக நின்றன. அவருக்கு வேலை சீக்கிரம் முடிந்தது என்னவோ வாஸ்தவம். ஆனால் அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல் செய்தான். ஒவ்வொருவரும் நாள் முழுக்க எதைத் தொடுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பான், தொடாததைத் தூக்கி எறிவான், அவ்வளவுதான் அவன் சாஸ்திரம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் வேர்.

வீட்டில் அவனும் அக்காவும்தான். தாய் தகப்பன் போன பிறகு அவனையும் தங்கையையும் ஆளாக்கியது அக்கா. தங்கை கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அவனுடைய கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தாலே எழுந்து போய்விடுவான், அக்கா எடுத்தால் மட்டும் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து போவான்.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். என்ன குரல் அது! வெண்கலத்தில் வார்த்த மாதிரி இருக்கும். வாயும் லேசுப்பட்டதில்லை. ஒருமுறை வண்டி புறப்படுகிற நேரத்தில் ஓட்டுநர் இருக்கையிலேயே கண்ணயர்ந்துவிட்டார். அக்கா ஒலிபெருக்கியைத் திறந்து, "ஐந்தாம் நடைமேடையில் உறங்கும் ஓட்டுநர் எழுந்து வண்டியை எடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். குறட்டையைப் பயணிகள் அறிவிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்," என்று சொல்லிவிட்டாள். நிலையமே சிரித்தது. மேலதிகாரி மட்டும் சிரிக்கவில்லை, அதற்காக அவள் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் குரல்தான் ஒருநாள் வழுக்கியது. 'புறப்படும்' என்பது வாய்க்குள் குழைந்தது. அதற்கு முன்பே படியில் கால் தட்டியிருந்தாள், செருப்பைக் குறை சொல்லியிருந்தாள். டாக்டர் செருப்பைக் குறை சொல்லவில்லை. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகிற வியாதி என்றார். கால் போகும், கை போகும், பேச்சு போகும், கடைசியில் மூச்சு போகும். புத்திக்கு மட்டும் ஒன்றும் ஆகாது, எல்லாம் போவதை உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். பாவி வியாதி! செய்வதையும் செய்துவிட்டு, சாட்சிக்கு ஆளையும் விட்டுவைக்கிறது.

திருத்தம் அன்று இரவு அழுதான். மறுநாள் மைக் வாங்கி வந்தான்.

"குரல் இருக்கும்போதே புடிச்சு வச்சிருவோம்க்கா. நாளைக்கு நீ பொத்தானை அழுத்தினா மெஷின் உன் குரல்லயே பேசும். கடையில வர்ற தகர டப்பாக் குரல் உனக்கு எதுக்கு?"

அக்கா மைக் முன்னால் உட்கார்ந்தாள். அவன் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். சரி. தண்ணி. வலிக்குது. திருப்பிப் படுக்க வை. வேண்டாம். லைட்டை அணை. நடுவில் அவன் எழுந்ததில் நாற்காலி அவள் காலில் இடித்துவிட்டது. பதறிப்போனான். அவள் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை" என்றாள். அதுவும் பதிவாகிவிட்டது.

"திட்டுறதுக்கு ஒண்ணும் போடலையா?"

"டேய்னு ஒண்ணு இருக்குல்லக்கா."

"அது ஒண்ணு போதுமாடா உனக்கு?" என்றாள். அதற்கு அவனும் சிரித்தான்.

பிறகு ஆரம்பித்தது அவனுடைய வேலை. அக்காவுக்கென்று ஒரு கம்ப்யூட்டரை வெறும் கருப்புத் திரையிலிருந்து கட்டினான். பட்டை கிடையாது, மெனு கிடையாது, மலை கிடையாது. அவள் கைகள் நன்றாக இருந்தபோது அது ஒரு விதமாக இருந்தது. ஒரு கை போனதும் எல்லாவற்றையும் மற்றக் கைப்பக்கம் இழுத்து வைத்தான். விரல்கள் போய் ஒற்றை விரல் நின்றபோது எழுத்துகளைப் பெரிதாக்கினான். அதுவும் போனதும் அவள் கன்னத்தோரம் ஒரு சின்னப் பொத்தானை நிறுத்தினான். திரையில் கட்டங்கள் வரிசையாக இருக்கும், ஒரு வெளிச்சம் 'டிக்' என்ற சின்னத் தட்டலோடு கட்டம் கட்டமாக நகரும், வேண்டிய கட்டத்துக்கு வரும்போது அவள் கன்னத்தை அசைத்தால் போதும். உடனே அவள் பழைய குரல் அறைக்குள் கணீரென்று ஒலிக்கும். முதன்முதலில் அது "டேய்!" என்று கூப்பிட்டபோது அவன் சமையலறையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு சந்தோஷம்.

யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்ப்பானா என்று அக்கம்பக்கத்தில் வாய் பிளந்தார்கள். அவனே குளிப்பாட்டினான், அவனே தலை வாரினான், ஓய்ந்த நேரமெல்லாம் அந்தத் திரையைத் திருத்தினான்.

தங்கை ஒருமுறை வந்திருந்தபோது அந்தத் திரையை முன்னும் பின்னும் பார்த்தாள். அவள் சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை வேலை பார்க்கிறவள், எதையும் பட்டென்று கேட்டுவிடுவாள்.

"அண்ணா, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இதை யாரு ஓட்டுறது? எங்கே தொடங்கணும், எங்கே நிறுத்தணும்னு ஒரு மண்ணும் தெரியலையே."

"எனக்கு என்ன ஆகப்போகுது?"

"பஸ் மோதுச்சுன்னா?"

"அக்கா இருக்கிற வரைக்கும் எந்த பஸ்ஸும் என்னை மோதாது. அவ மைக்ல திட்டிருவா," என்றான். அக்காவின் கண் சிரித்தது. தங்கை சிரிக்கவில்லை.

கன்னமும் தளர ஆரம்பித்தது. அறுபது கட்டங்களை வெளிச்சம் சுற்றி வருவதற்குள் அவள் களைத்துப் போனாள். திருத்தம் தன் சாஸ்திரத்தைக் கையில் எடுத்தான். இத்தனை மாதத்தில் அவள் எந்தக் கட்டத்தை எத்தனை தடவை தொட்டிருக்கிறாள் என்று எண்ணினான். தொட்டதை வைத்தான், தொடாததை எடுத்தான். 'வேண்டாம்' என்ற கட்டத்தை அவள் தொட்டதே இல்லை. எப்படித் தொடுவாள்? அந்த மாதங்களில் அவளுக்குத் தலை ஆடிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றால் தலையை ஆட்டிவிடுவாள், ஆடுகிற தலை இருக்கும்போது கட்டம் எதற்கு? ஆக, எண்ணிக்கையில் 'வேண்டாம்' பூஜ்யம். தூக்கிவிட்டான். அடுத்த மாதம் அவள் தலை ஆடுவது நின்றுபோனது. எடுத்த கட்டத்தைத் திரும்ப வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் ஒரே வரிசை மிஞ்சியது. சரி, தண்ணி, வலிக்குது, திருப்பு, டேய், வேற. ஆறே கட்டங்கள். 'வேற' என்பது மற்றதற்கெல்லாம் வாசல். அதைச் சட்டென்று இரண்டு தரம் அழுத்தினால் எழுத்துகள் வரும், எழுத்துக் கூட்டி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கன்னம் தவறிப் பட்டுத் திறந்துகொள்ளக் கூடாதென்றுதான் இரண்டு தரம் வைத்திருந்தான். அது அவள் கன்னத்தில் வலு இருந்த காலத்தில் வைத்தது. மேலும், எழுத்துக் கூட்டினால் மெஷின் அந்தத் தகர டப்பாக் குரலில்தான் பேசும், அந்தக் குரல் வீட்டில் கேட்பதே அவனுக்குப் பிடிக்காது. நாளாவட்டத்தில் அவள் எழுத்துப் பக்கம் போவது குறைந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டான்.

அப்புறம் மூச்சுக்கு வந்தது.

சளி கட்டி, உதடு நீலம் பாரித்து, அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் முகமூடி மாட்டி ஒரு மாதிரி நிலைநிறுத்தினார்கள். டாக்டர் அவனை வராந்தாவில் நிறுத்திப் பேசினார்.

"முகமூடி ரொம்ப நாள் தாங்காது. தொண்டையில துளை போட்டு குழாய் வச்சு மெஷின்ல இணைச்சா வருஷக்கணக்குல ஓடலாம். ஆனா படுத்த படுக்கைதான். வேண்டாம்னா கஷ்டமில்லாம பாத்துக்குவோம், அதுவும் ஒரு வழிதான். அவங்களே சொல்லணும். ஒரு தடவை போட்டுட்டா பிறகு கழட்டுறதுக்கு எங்களுக்கு அனுமதி கிடையாது. யோசிச்சு இன்னைக்கே சொல்லுங்க."

"அவளே சொல்லுவா டாக்டர்."

"கண்ணை மூடித் திறக்கச் சொல்லிப் பாத்தேன். இமை தானா விழுது. அதை வச்சு ஒண்ணும் நம்ப முடியாது."

"கண்ணு எதுக்கு டாக்டர்? எங்கக்கா வாயாலேயே சொல்லுவா, பாருங்க," என்றான் திருத்தம். அந்த நேரத்திலும் அவன் குரலில் பெருமை இருந்தது, அதை என்னவென்று சொல்ல!

கட்டிலின் குறுக்குப் பலகையில் கம்ப்யூட்டரை வைத்தான். பொத்தானைக் கன்னத்தோரம் நிறுத்தினான். அக்காவின் கண்கள் காய்ந்து, மருந்து போட்டுப் போட்டு மங்கிப் போயிருந்தன. அவன் குனிந்து நிதானமாக எல்லாவற்றையும் சொன்னான். குழாய், மெஷின், வருஷக்கணக்கு. மற்ற வழியையும் சொன்னான், அதைச் சொல்லும்போது மட்டும் குரல் அமுங்கிப்போனது.

"போட்டுரலாமாக்கா?"

வெளிச்சம் நகர்ந்தது. சரி, தண்ணி, வலிக்குது, திருப்பு, டேய். 'வேற'வில் கன்னம் அசைந்தது. திரை இரண்டாவது அசைவுக்குக் காத்திருந்தது, அது வரவில்லை, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மறுபடியும் 'வேற'. மறுபடியும் தொடக்கம். மறுபடியும், மறுபடியும்.

"இது என்ன?" என்றார் டாக்டர்.

"கன்னம் துடிக்குது டாக்டர். கடைசிக் கட்டத்துக்கு வரும்போது துடிப்பு வந்து மாட்டிக்குது. ஒரு நிமிஷம், சரி பண்ணிர்றேன்."

சும்மாவா திருத்தம் என்று பெயர் வைத்தார்கள்! நின்றபடியே விசைப்பலகையை இழுத்து நாலு வரி அடித்தான். 'வேற' என்ற கட்டம் போய்விட்டது. இனி ஐந்தே கட்டம், ஐந்தாவது முடிந்ததும் வெளிச்சம் நேரே முதல் கட்டத்துக்கு வந்துவிடும். கன்னத்தை மெதுவாகத் தடவிவிட்டு மறுபடி கேட்டான்.

"அக்கா, போட்டுரலாமா?"

வெளிச்சம் ஐந்து கட்டமும் நடந்து திரும்பி முதலுக்கு வந்தது. கன்னம் அசைந்தது.

"சரி," என்றது அக்காவின் குரல். நோய் தொடாத குரல், கண்ணாடிக் கூண்டுக் குரல்.

"நிச்சயமாத்தானேக்கா?"

வெளிச்சம் மறுபடி நடந்து வந்தது. "சரி."

டாக்டரே ஒரு நொடி அசந்துபோனார். திருத்தம் உடைந்து அழுதான், கையெழுத்துப் போட்டான். அக்காவின் கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. அவன் அதைத் துடைத்துவிட்டு, "பயப்படாதே, நான் இருக்கேன்ல," என்றான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நாளெல்லாம் மூச்சு மெஷினின் சத்தம்தான். புஸ்ஸென்று இழுக்கும், டக்கென்று விடும். திரையில் அந்த ஐந்து கட்டங்களே இருந்தன, 'வேற'வை அவன் திரும்ப வைக்கவில்லை. அக்கா 'திருப்பு' என்பாள், 'வலிக்குது' என்பாள். 'வலிக்குது' அடிக்கடி வந்தது. 'டேய்' மட்டும் வரவே இல்லை. கூப்பிடுவாள் கூப்பிடுவாள் என்று சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான், கூப்பிட மாட்டாள். மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் யாராவது கேட்டால் திருத்தம், "நாங்க யாரும் முடிவெடுக்கலைங்க. எங்கக்கா அவ வாயாலேயே சரின்னு சொன்னா. ரெண்டு தடவை சொன்னா," என்பான். கேட்டவர்களுக்கு மெய்சிலிர்க்கும். அவனுக்கும்தான்.

மாதங்கள் போயின. கம்பெனிக்குப் புதிதாக வந்த மேலாளர், எல்லா மெஷின்களிலும் ஒரே மாதிரி ரெடிமேட் டெஸ்க்டாப்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். திருத்தத்துக்குத் தலைக்கேறிவிட்டது. தங்கை விடுமுறை எடுத்து வந்திருந்ததால் அவளிடம் அக்காவை ஒப்படைத்துவிட்டு, மேலாளரோடு மல்லுக்கட்டப் போனான்.

"ஆளுக்கு ஒரு மாதிரி வச்சிருக்கே. நீ ஒரு நாள் வரலைன்னா யாருக்கும் ஒண்ணும் புரியல," என்றார் மேலாளர்.

"சார், அவங்கவங்களுக்குத் தேவையானதை அவங்களை விட நல்லா எனக்குத் தெரியும் சார்!"

இவன் அங்கே இப்படி வாயைக் கிழித்துக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டில் மின்சாரம் போய்விட்டு வந்தது. மூச்சு மெஷினுக்குத் தனி பேட்டரி இருந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் கம்ப்யூட்டர் மட்டும் கருப்புத் திரையில் ஒரு கோடு மின்ன நின்றுவிட்டது. அதைக் கிளப்ப என்னென்ன அடிக்க வேண்டும் என்பது திருத்தத்துக்குத்தான் தெரியும். தங்கை போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், துண்டித்தான்.

"இவனும் இவன் மெஷினும்! நாசமாப்போக," என்று திட்டிக்கொண்டே தங்கை தன் மடிக்கணினியைத் திறந்தாள். கடைக்காரன் போட்டுக் கொடுத்ததுபோலவே இருந்தது, பட்டையும் படங்களும் நீல மலையுமாக. அவள் ஒரு எழுத்துக்கூட மாற்றியதில்லை. மெனுவில் துழாவினால் ஊனமுற்றவர்களுக்கான வசதிகள் என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் திரை விசைப்பலகை, ஒற்றைப் பொத்தானில் இயக்கலாம், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டும் என்று போட்டிருந்தது. கன்னத்துப் பொத்தானை அதில் செருகினாள். தகர டப்பாக் குரல் ஆரம்பித்தது: அ, ஆ, இ, ஈ.

அக்காவின் கண்கள் அகல விரிந்தன என்று தங்கை பிற்பாடு சொன்னாள்.

சாயங்காலம் திருத்தம் வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கை வாசல் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"போனை ஏன் எடுக்கலை?"

"அங்கே ஒரு பெரிய ரகளை. என்னாச்சு, அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அக்கா பேசினா. மத்தியானம் பூரா ஒவ்வொரு எழுத்தா. உள்ளே போய்ப் பாரு. அழிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

உள்ளே போனான். நீல மலைக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் அக்காவின் எழுத்துகள். எழுத்துப் பிழை அங்கங்கே இருந்தது, புள்ளிகள் விட்டுப்போயிருந்தன. ஆனாலும் படிக்க முடிந்தது.

குழாய் வேண்டாம் என்று சொல்லத்தான் வேறயை அழுத்தினேன். கண் தெரியவில்லை. எண்ணி எண்ணி அழுத்தினேன். ஆறாவது வேற. நீ வேறயை எடுத்துவிட்டாய். ஆறாவதில் சரி வந்தது. நான் சரி என்று சொல்லவில்லை.

அவன் ஒருமுறை படித்தான். மறுபடி படிக்கத் தேவைப்படவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அந்த நாலு வரி அவன் விரல்கள் அடித்தவை. ஐந்து கட்டம் முடிந்ததும் முதலுக்கு வா என்று வெளிச்சத்துக்குச் சொன்னதும் அவன்தான். ஆறாவது தட்டலில் 'வேண்டாம்' சொல்லப் போனவளின் வாயில் 'சரி'யை வைத்ததும் அவன்தான். அவள் கண்ணில் வழிந்த நீரைத் துடைத்து, பயப்படாதே என்று சொன்னவனும் அவன்தான். கடவுளே, எப்படி இதைச் செய்தேன் என்று நெஞ்சில் அறைந்துகொண்டான்.

"அக்கா... இப்ப... இப்ப என்னக்கா செய்யணும்?"

தகரக் குரல் எழுத்துகளைப் படித்துக்கொண்டே போனது. கன்னம் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. இரண்டு சொல் எழுதி முடிக்க வெகுநேரமாயிற்று.

இப்போது எடு.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முடிவில், "போடுறதுக்கு முன்னாடி வேண்டாம்னு சொல்லியிருந்தா நாங்க தொட்டிருக்கவே மாட்டோம். இப்ப கழட்ட எந்த ஆஸ்பத்திரியும் துணியாது. நான் அன்னைக்கே சொன்னேனே," என்றார். சொன்னார்தான். இன்னும் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்கினான். எல்லா இடத்திலும் அதே பதில், நாற்காலிகள் மட்டும் வேறு. திரும்பி வந்து அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான். அவள் இமை தானாக விழுந்தது, பிறகு தானாகத் திறந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த மெஷினே இருக்கட்டும். தங்கை தன் மடிக்கணினியை விட்டுவிட்டுப் போனாள். திருத்தம் அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. கம்பெனியிலும் மேலாளர் சொன்னபடியே எல்லாவற்றிலும் ரெடிமேடைப் போட்டுக் கொடுத்துவிட்டான். பில் போடும் அம்மா, "அட, என் மலை வந்திருச்சே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அவன் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகும் அக்கா ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் இருந்தாள். எழுத்துக் கூட்டினாள். ஜன்னலைத் திற என்றாள், தங்கச்சி எப்போது வருவாள் என்றாள், சட்டையை மாற்றுடா நாறுகிறது என்றும் ஒருநாள் சொன்னாள். அவனைத் திட்டவில்லை. நடந்ததைப் பற்றி மறுபடி எழுதவே இல்லை.

ஒருநாள் அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிடுக்கா," என்றான். வெளிச்சம் எழுத்துகளின் மேல் நடந்தது. அவன் திரையையே பார்த்தான். ஒரு சுற்று முடிந்தது, இன்னொன்று முடிந்தது. கன்னம் அசையவில்லை. அவள் கண் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவன் கேட்கவில்லை, காத்திருந்தான். தகரக் குரல் 'ப' என்று படிக்கும்போதெல்லாம் அவன் கைவேலையை விட்டுவிட்டு அவள் கன்னத்தைப் பார்ப்பான். 'ப'வில் அவள் எத்தனையோ தடவை கன்னத்தை அசைத்தாள். பசி என்று வந்தது. பக்கம் திருப்பு என்று வந்தது. பல் வலி என்று வந்தது. அவன் காத்திருந்த சொல் வரவில்லை. கோடை முடியும் சமயத்தில் காய்ச்சல் கண்டு, மெஷின் புஸ்ஸென்று இழுத்து டக்கென்று விட்டுக்கொண்டிருக்கும்போதே, அவள் நெஞ்சு நின்றுபோனது. அவள் இல்லாமலேயே அது கொஞ்ச நேரம் ஓடியது. திருத்தம்தான் எழுந்து போய் நிறுத்தினான்.

காரியமெல்லாம் முடிந்து தங்கை ஊருக்குக் கிளம்புகிற அன்று, மேசையடியில் அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அதுல அக்கா குரல் எல்லாம் இருக்கா அண்ணா?"

"இருக்கு. அறுபது சொல்லும் இருக்கு."

"பரவாயில்லைன்னு ஒண்ணு சொல்லியிருப்பாளே, நாற்காலி இடிச்சப்ப. சிரிச்சுக்கிட்டே சொன்னான்னு எங்கிட்டகூடச் சொன்னே."

"இருக்கு. ஒரு தட்டு தட்டினா வரும்."

"கேளேன் அண்ணா. ஒரு தடவை கேளு. மனசு ஆறும்."

அவன் தலையை ஆட்டினான்.

"வேண்டாம்மா. அவ சொல்லாததை அவ குரல்ல ஒரு தடவை கேட்டாச்சு," என்றான்.